எழுத்தால் அண்மை, பேச்சால் சேய்மை: ஜப்பானில் சீன மாணவர்களின் மொழி ஆயத்தக் கல்வி (1896–1923)

முன்னுரை

அயல்நாடு சென்று உயர்கல்வி பெற விழையும் மாணவர் முதலில் கடக்க வேண்டிய வாயில் மொழியாகும். துறையறிவு எத்துணை இருப்பினும் வகுப்பறையின் மொழி செவியில் ஏறாவிடில் அவ்வறிவு பயன்படாது. ஆசியாவில் இச்சிக்கல் பெருந்திரளான மாணவர்களை ஒருசேர எதிர்கொண்ட முதல் நிகழ்வு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சீன மாணவர்கள் ஜப்பானுக்குச் சென்றதேயாகும். 1896இல் பதின்மூவராகத் தொடங்கிய இவ்வரிசை, பத்தாண்டுகளுக்குள் பல ஆயிரமாகப் பெருகியது. இவர்களுள் லூ சுன், குவோ மோருவோ, சூ என்லாய் போன்றோர் பின்னாளில் சீன இலக்கியத்தையும் அரசியலையும் மாற்றியமைத்தனர். அவர்தம் பிற்கால வாழ்வு விரிவாக ஆராயப்பட்டுள்ளது. ஆயின் அவர்கள் கல்லூரிக்குள் நுழையுமுன் மொழி கற்க உழைத்த காலம் அத்துணைக் கவனம் பெறவில்லை. அவ்வாயத்தக் காலம் எவ்வாறு அமைந்தது, அதன் இடர்ப்பாடுகள் யாவை, அது மொழி கற்பித்தல் பற்றி உணர்த்துவது யாது என்பவற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

மாணவர்கள் அனுப்பப்பெற்ற சூழல்

1894–95ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த போரில் சீனம் ஜப்பானிடம் தோற்றது. நெடுங்காலமாகத் தன்னிடமிருந்து எழுத்தும் நூல்களும் பெற்ற நாடு தன்னை வென்றது எவ்வாறு என்ற வினா சீனக் கற்றோரை உலுக்கியது. வென்ற நாட்டிடமே கற்பது என்னும் முடிவுக்குச் சிங் அரசு வந்தது. 1896இல் பதின்மூன்று இளைஞர்கள் டோக்கியோவுக்கு அனுப்பப்பெற்றனர். இவர்களின் பொறுப்பை ஜப்பானிய அமைச்சர் சையொன்ஜி கின்மொச்சி, டோக்கியோ உயர் ஆசிரியர் கல்லூரியின் முதல்வர் கானோ ஜிகோரோவிடம் ஒப்படைத்தார். ஜூடோ என்னும் தற்காப்புக் கலையை 1882இல் நிறுவியவராக உலகம் அறிந்த கானோவே, அயல்நாட்டார்க்கு ஜப்பானிய மொழி கற்பிக்கும் நிறுவன முறைக்கும் அடிகோலினார் என்பது குறிப்பிடத்தக்கது.

1898இல் மாநில ஆளுநர் ஜாங் ஜிதோங் கல்வியை ஊக்குவிக்கும் நூலொன்றை வெளியிட்டார். மேலைநாடுகளைவிட ஜப்பானுக்கே மாணவரை அனுப்புதல் நன்று என்பதற்கு அவர் காட்டிய காரணங்கள் கருதத்தக்கன. வழி அண்மையுடையது, செலவு குறைவு. ஜப்பானிய எழுத்து சீன எழுத்தை ஒத்திருப்பதால் எளிதில் விளங்கும். மேலைநாட்டு நூல்களில் வேண்டாதவற்றைக் களைந்து வேண்டியவற்றை ஜப்பானியர் முன்னரே தெரிந்தெடுத்துள்ளனர் என்பன அவை. 1905இல் அரசுப் பணிக்கான மரபுவழித் தேர்வு முறை ஒழிக்கப்பட்டபோது, பழைய கல்வியின் பயன் நீங்கியது. அயல்நாட்டுக் கல்விச் சான்றே பதவிக்கு வழி என்னும் நிலை தோன்றியதால் டோக்கியோ நோக்கிய பயணம் பெருவெள்ளமாயிற்று. 1905–06ஆம் ஆண்டுகளில் அங்கிருந்த சீன மாணவர் தொகை எண்ணாயிரத்துக்குக் குறையாது என்பர்.

எழுத்து ஒப்புமையும் அதன் மயக்கமும்

ஜாங் ஜிதோங் கூறிய காரணங்களுள் எழுத்து எளிமை பற்றிய கூற்றே மாணவர்களின் ஆயத்தத்தை முதலில் வடிவமைத்தது. 1898ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் வீழ்ந்தபின் ஜப்பானில் அடைக்கலம் புகுந்த லியாங் சிச்சாவ் இக்கருத்தை மேலும் வளர்த்தார். ஜப்பானிய மொழியைப் பேசக் கற்க ஓராண்டும், எழுதக் கற்க அரையாண்டும் ஆகும். படிக்க மட்டும் கற்பதாயின் சில நாள்களில் ஓரளவும் சில திங்களில் பெரிதும் தேறலாம் என்று 1899இல் அவர் எழுதினார். அடுத்து, ஜப்பானிய உரைநடையைச் சீன முறையில் படிப்பதற்கான கையேடு ஒன்றையும் உருவாக்கினார். ஜப்பானியத் தொடரில் வினை இறுதியில் நிற்கும். எனவே கீழிருந்து மேலாக மாற்றிப் படித்தால் சீனத் தொடர் கிடைத்துவிடும் என்பதே அக்கையேட்டின் அடிப்படை.

இதனைத் தமிழறிந்தார் எளிதில் உணரலாம். சீன மொழியில் 'து ஷூ' என்பது 'படி நூல்' என்னும் வரிசையில் அமைவது. ஜப்பானிய மொழியில் அதே கருத்து 'ஹொன் ஒ யொமு' என வரும். 'ஹொன்' நூல், 'ஒ' என்பது நம் இரண்டாம் வேற்றுமை உருபின் தொழிலைச் செய்வது, 'யொமு' படித்தலைக் குறிக்கும் வினை. 'நூலைப் படி' என்னும் தமிழ்த் தொடரின் வரிசையும் இதுவே. தமிழ் மாணவர்க்கு இயல்பாக இருக்கும் இவ்வமைப்பு சீன மாணவர்க்குத் தலைகீழானது. ஜப்பானியர் பல நூற்றாண்டுகளாகச் சீனச் செவ்விலக்கியங்களைத் திருப்பக் குறிகள் இட்டுத் தம் மொழிவரிசைக்கு மாற்றிப் படித்து வந்தனர். லியாங்கின் முறை அம்மரபின் எதிர்நிழல் எனலாம்.

இம்முறை பலரை ஜப்பானிய நூல்களின்பால் ஈர்த்தது உண்மை. ஆயின் அதில் மூன்று மயக்கங்கள் உறைந்திருந்தன.

முதலாவது, ஒரே எழுத்து இரு மொழிகளிலும் வேறு பொருள் தருதல். 'கை', 'தாள்' என்னும் இரு எழுத்துகள் இணைந்து ஜப்பானிய மொழியில் 'தெகாமி' என ஒலித்துக் கடிதத்தைக் குறிக்கும். சீனத்தில் அவ்விணைப்பு கழிவறைத் தாளைக் குறிக்கும். ஜப்பானிய மொழியில் 'முசுமே' என ஒலித்து மகளைக் குறிக்கும் எழுத்து, சீனத்தில் தாயைக் குறிக்கப் பயன்படுவது. கல்வி பயில்தலைக் குறிக்கும் 'பென்கியோ' என்னும் சொல்லின் எழுத்துகளைச் சீனர் 'மனமின்றி முயன்று செய்தல்' எனப் பொருள் கொள்வர்.

இரண்டாவது, இலக்கணப் பொருளைத் தாங்கும் கனா எழுத்துகளைப் புறக்கணித்தல். 'யொமு' என்பது உடன்பாடு; 'யொமனை' என்பது எதிர்மறை. இரண்டிலும் சீன வரிவடிவம் ஒன்றே. வேறுபாடு அதனைத் தொடரும் கனா எழுத்துகளில் மட்டுமே உள்ளது. கனாவைத் தவிர்த்துச் சீன எழுத்தை மட்டும் பற்றிச் செல்பவர் 'படிப்பதில்லை' என்பதைப் 'படிப்பது' எனக் கொள்ள நேரிடும். விகுதியையும் எதிர்மறை இடைநிலையையும் நீக்கிவிட்டு வினையடியை மட்டும் வைத்துத் தமிழ்த் தொடருக்குப் பொருள் காண்பதை ஒத்தது இது.

மூன்றாவது, படித்தலை மொழியறிவு எனக் கருதுதல். 1905இல் யோக்கோஹாமா வந்த வியட்நாமிய விடுதலை வீரர் பான் போய் சௌ, லியாங் சிச்சாவுடன் தூரிகையால் சீன எழுத்தில் எழுதியே உரையாடினார். கற்றார் இருவர் பேச்சொலி ஒன்றாகாதபோதும் எழுத்தால் கருத்துப் பரிமாற இயலும் என்பதற்கு இது சான்று. ஆனால் விரிவுரையாளர் வகுப்பில் தூரிகையால் பேசுவதில்லை. செவிவழி மொழி கைவராத மாணவர் வகுப்பறையில் ஊமையராகவே அமர வேண்டியிருந்தது.

ஆயத்தப் பள்ளிகளின் தோற்றம்

முதலில் வந்த பதின்மூவருள் நால்வர் உணவு ஒவ்வாமையும் தெருச் சிறுவரின் ஏளனமும் தாங்காமல் சில வாரங்களில் நாடு திரும்பினர். எழுவர் மூன்றாண்டுகள் பயின்று 1899இல் கல்வியை நிறைவு செய்தனர். இத்தொடக்க அணியினரான தாங் பாவ்எ, ஜி யீஹுய் ஆகிய இருவரும் 1900இல் 'தொங்யூ ஜெங்குய்' என்னும் ஜப்பானிய மொழிப் பாடநூலை வெளியிட்டனர். சீனர் தம் மக்களுக்காக எழுதிய முன்னோடி ஜப்பானிய இலக்கண நூல்களுள் இது ஒன்று. பேச்சு, ஒலிப்பு, சொல்வகை ஆகியவற்றை முறைப்படக் கற்றாலன்றி மொழி வசமாகாது என்பதைத் தாமே கற்றுணர்ந்தவர் கூறியது என்ற வகையில் இந்நூல் லியாங்கின் விரைவு வழிக்கு மாற்றாக அமைந்தது.

கானோ தம் பொறுப்பில் நடத்திய சிறு கல்விக்கூடத்துக்கு 1899இல் எகிராக்கு ஷோயின் எனப் பெயரிட்டார். தொலைவிலிருந்து நண்பர் வருதலும் இன்பமன்றோ என்னும் கன்பூசியரின் கருத்தைத் தழுவிய பெயர் அது. 1902இல் அது கோபுன் காக்குயின் என்னும் முழுமையான ஆயத்தப் பள்ளியாக விரிந்தது. ஜப்பானிய மொழியுடன் கணிதம், இயற்பியல், வேதியியல், வரலாறு போன்ற பொதுப் பாடங்களும் அங்குக் கற்பிக்கப்பெற்றன. 1909இல் மூடப்படும்வரை ஏறத்தாழ 7000 மாணவர்கள் அதில் சேர்ந்தனர். கற்று முடித்தோர் அவருள் பாதியளவினரே. படைத்துறையை நாடியோர்க்கு 1903இல் ஷின்பு பள்ளி நிறுவப்பெற்றது. வசேதா பல்கலைக்கழகம் 1905இல் சீன மாணவர்க்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கியது. பெண்களும் வந்தனர். 1904இல் வந்த சியூ ஜின், முதலில் மொழி பயின்று, பின்னர் ஜிஸ்ஸென் பெண்கள் பள்ளியில் சேர்ந்தார். நாடு திரும்பிப் புரட்சியில் ஈடுபட்ட அவருக்கு 1907இல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

கோபுன் காக்குயினில் 1903இல் ஆசிரியராகச் சேர்ந்த மட்சுமோட்டோ கமேஜிரோ, மொழி ஆயத்தக் கல்வியைத் தம் வாழ்நாட்பணியாகக் கொண்டவர். இவர் அதற்கு முன்னர் சாகா மாவட்ட வட்டார வழக்கு அகராதித் தொகுப்பில் ஈடுபட்டவர். எழுத்து வழக்குக்கும் பேச்சு வழக்குக்கும் உள்ள இடைவெளியை வட்டார மொழி ஆய்வால் உணர்ந்திருந்த இவர், 1904இல் வெளியிட்ட இலக்கண நூலில் எழுத்து வழக்கையும் பேச்சு வழக்கையும் எதிரெதிரே நிறுத்திச் சீன மொழிபெயர்ப்பையும் சேர்த்தார். அக்காலத்து ஜப்பானிய நூல்கள் பெரும்பாலும் பழைய இலக்கிய நடையில் இருந்தன; வகுப்பறையிலும் தெருவிலும் வழங்கியதோ பேச்சு நடை. மாணவர் நூல் படிக்க ஒன்றும் விரிவுரை கேட்க மற்றொன்றுமாக இரு மொழிகளைக் கற்கும் நிலையில் இருந்தனர். செந்தமிழும் பேச்சுத் தமிழும் இணையாக வழங்கும் நம் மொழிச் சூழலில் அயலார்க்குத் தமிழ் கற்பிப்போர் இன்றும் எதிர்கொள்ளும் சிக்கல் இதுவே. இரண்டையும் ஒரே பக்கத்தில் ஒப்பிட்டுக் காட்டிய மட்சுமோட்டோவின் தீர்வு, மொழி கற்பித்தல் வரலாற்றில் தனியிடம் பெறத்தக்கது.

விரைவுக் கல்வியும் 1905ஆம் ஆண்டுப் போராட்டமும்

மாணவர் தொகை பெருகியபோது மொழியைக் கடவாமலே கல்வி பெறும் வழியும் தோன்றியது. சட்டம், ஆசிரியர் பயிற்சி, காவல்துறை முதலிய துறைகளில் விரைவு வகுப்புகள் தொடங்கப்பட்டன. 1904இல் ஹோசே பல்கலைக்கழகம் தொடங்கிய விரைவுச் சட்டப் படிப்பு இவற்றுள் பெயர் பெற்றது. ஜப்பானியப் பேராசிரியர் விரிவுரை நிகழ்த்த, உரைபெயர்ப்பாளர் அதனைச் சீனத்தில் கூறினார். நாட்டின் தேவை உடனடியானது. மூத்த கற்றோருக்கு மொழி கற்க ஆண்டுகளைச் செலவிட இயலாது என்பது இதன் நியாயம். ஆயின் உரைபெயர்ப்பாளரின் அறிவு எல்லையே மாணவரின் அறிவு எல்லையாயிற்று. விரிவுரைக்கு அப்பால் நூலகத்தில் தாமே தேடிப் படிக்கும் ஆற்றல் பலருக்கு வாய்க்கவில்லை. சான்றிதழை விற்கும் தரமற்ற பள்ளிகளும் பெருகின.

1905 நவம்பரில் ஜப்பானியக் கல்வி அமைச்சு, சீன மாணவரைச் சேர்க்கும் பள்ளிகளுக்கான விதிகளை வெளியிட்டது. மாணவர் தங்குமிடங்களைப் பள்ளிகள் கண்காணிக்க வேண்டும் என்பதும், நடத்தை குறித்து ஒரு பள்ளியிலிருந்து நீக்கப்பட்டவரை மற்றொரு பள்ளி சேர்க்கலாகாது என்பதும் அவற்றுள் அடங்கும். அரசியல் ஈடுபாடுடைய மாணவரை ஒடுக்கவே இவ்விதிகள் எனச் சீன மாணவர்கள் கருதி வகுப்புகளைப் புறக்கணித்தனர். டிசம்பர் 7ஆம் நாள் ஆசாஹி நாளிதழ் அவர்களைக் கட்டுப்பாடற்றோர், இழிந்தோர் என்னும் பொருள்பட எழுதியது. மறுநாள் சென் தியான்ஹுவா என்னும் மாணவர் ஒமோரிக் கடலில் இறங்கி உயிர் நீத்தார். அவர் விட்டுச்சென்ற மடல் ஜப்பானியரைப் பழிப்பதைவிடத் தம் தோழரை நோக்கியே பேசுகிறது. பொறுமை, பொதுநலப் பணி, ஊன்றிக் கற்றல், நாட்டுப்பற்று ஆகியவற்றால் அப்பழியைப் பொய்யாக்க வேண்டும் என்பதே அதன் சாரம். போராட்டத்தின் முடிவில் ஏராளமானோர் நாடு திரும்பினர். ஏனையோர் வகுப்புகளுக்குத் திரும்பினர். 1906இல் சிங் அரசின் கல்வி அமைச்சு விரைவுப் படிப்புக்கு மாணவரை அனுப்புவதை நிறுத்தியது. மொழி ஆயத்தம் இன்றிப் பெறும் கல்வி நிலைபெறாது என்பதை இரு அரசுகளும் இக்கட்டத்தில் உணர்ந்தன எனலாம்.

செண்டாய் வகுப்பறை

விரைவு வழியை விடுத்து முறையான ஆயத்தத்தைக் கடந்தவர்க்கு லூ சுன் தக்க சான்று. 1902இல் அரசு உதவித்தொகையுடன் ஜப்பான் வந்த அவர், கோபுன் காக்குயினில் ஈராண்டுகள் மொழியும் பொதுப் பாடங்களும் கற்று, 1904 செப்டம்பரில் செண்டாய் மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். தம் நாட்டினர் நெருங்கி வாழ்ந்த டோக்கியோவை நீங்கி, சீன மாணவர் எவருமில்லாத வடபுல நகரைத் தேர்ந்தெடுத்தது மொழியில் முழுமையாக மூழ்குவதற்கும் வழியாயிற்று.

ஆயினும் ஈராண்டு ஆயத்தம் உடற்கூற்றியல் விரிவுரைக்குப் போதுமானதாக இல்லை. பேராசிரியர் ஃபுஜினோ கென்குரோ அவருடைய குறிப்பேடுகளை வாரந்தோறும் பெற்று, விடுபட்டவற்றைச் சேர்த்து, மொழிப் பிழைகளையும் சிவப்பு மையால் திருத்தித் தந்தார். இதனை லூ சுன் 1926இல் எழுதிய கட்டுரையில் நன்றியுடன் நினைவுகூர்கிறார். அக்குறிப்பேடுகள் ஆறு தொகுதிகளாக இன்றும் பீஜிங்கில் பாதுகாக்கப்படுகின்றன. முதலாண்டுத் தேர்வில் 142 மாணவருள் லூ சுன் 68ஆம் இடம் பெற்றார். சீனர் ஒருவர் இவ்விடம் பெற்றதே சில சக மாணவர்க்கு ஐயத்தை விளைத்தது. பேராசிரியர் வினாக்களை முன்னரே குறித்துக் கொடுத்தார் என்ற வதந்தியும் எழுந்தது. மொழித் தடையைத் தாண்டியவர்க்கும் மதிப்புத் தடை காத்திருந்தது என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது. லூ சுன் 1906இல் மருத்துவத்தை விடுத்து இலக்கியத்தை மேற்கொண்டார்; அவர் பெற்ற மொழிப்பயிற்சி பின்னர் ஜப்பானிய வழி உலக இலக்கியங்களைச் சீனத்துக்குக் கொணர உதவிற்று.

ஐந்து பள்ளி உடன்பாடும் நுழைவுத் தேர்வும்

1907இல் இரு அரசுகளும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, 1908 முதல் பதினைந்து ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 165 சீன மாணவர்கள் ஐந்து அரசுப் பள்ளிகளில் சேர்க்கப்பட வேண்டும் என்பது உறுதியாயிற்று. முதலாம் உயர்நிலைப் பள்ளி, டோக்கியோ உயர் ஆசிரியர் கல்லூரி, டோக்கியோ உயர் தொழில்நுட்பப் பள்ளி, யமாகுச்சி உயர் வணிகப் பள்ளி, சிபா மருத்துவப் பள்ளி என்பன அவ்வைந்து. நுழைவுத் தேர்வில் வென்றவர்க்குச் சீன அரசின் உதவித்தொகை கிடைத்தது. தோற்றவர் சொந்தச் செலவில் மீண்டும் ஆயத்தப் பள்ளியில் பயில வேண்டும். இன்றேல் நாடு திரும்ப வேண்டும். இவ்வாறு மொழி ஆயத்தம் வாழ்வின் போக்கையே முடிவு செய்யும் தேர்வாக மாறியது.

இத்தேர்வை நோக்கிய மாணவர்க்காக மட்சுமோட்டோ 1914இல் டோக்கியோ கந்தாப் பகுதியில் தோவா உயர் ஆயத்தப் பள்ளியை நிறுவினார். அவ்வாண்டு ஜனவரியில் ஜப்பான் வந்த குவோ மோருவோ, அரையாண்டு கடும் உழைப்புக்குப்பின் அந்தக் கோடையிலேயே முதலாம் உயர்நிலைப் பள்ளியின் ஆயத்தப் பிரிவுக்குத் தேர்வு பெற்றார். ஓராண்டு ஆயத்தம், ஒக்காயாமாவில் மூன்றாண்டு உயர்நிலைக் கல்வி, பின்னர் கியூஷூ பேரரசுப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் என அவர் கல்வி 1923இல் நிறைவுற்றது. ஆயின் இளமையில் நோயால் செவித்திறன் குன்றிய அவர் மருத்துவத் தொழிலை மேற்கொள்ளவில்லை.

1917இல் வந்த சூ என்லாயின் நிலை வேறு. தியான்ஜின் நகரின் நான்காய் பள்ளியில் சிறந்த மாணவராக விளங்கிய அவர், தோவா பள்ளியில் பயின்று 1918 மார்ச்சில் உயர் ஆசிரியர் கல்லூரித் தேர்வையும், ஜூலையில் முதலாம் உயர்நிலைப் பள்ளித் தேர்வையும் எழுதினார். இரண்டிலும் தோல்வியுற்றார். ஜப்பானிய மொழித் திறன் போதாமையே முதன்மைக் காரணமாகக் கருதப்படுகிறது. அவ்வாண்டு அவர் எழுதிய நாட்குறிப்பு கிடைத்துள்ளது. நாள்தோறும் இத்தனை மணி நேரம் படிப்பது என உறுதி பூணுவதும், நாட்டு நிலை பற்றிய செய்தியும் மாணவர் கூட்டங்களும் அவ்வுறுதியைக் குலைப்பதும் அதில் பதிவாகியுள்ளன. 1918 மே மாதத்தில் சீன–ஜப்பான் படைத்துறை உடன்பாட்டை எதிர்த்து மாணவர் பலர் நாடு திரும்பிய கொந்தளிப்பான சூழலில்தான் அவர் இரண்டாம் தேர்வுக்கு ஆயத்தம் செய்தார் என்பது கருதத்தக்கது. 1919 ஏப்ரலில் அவர் நாடு திரும்பினார்.

இருவரையும் ஒப்பிட்டு ஒருவர் முயற்சியுடையவர், மற்றவர் முயற்சியற்றவர் என முடிவு செய்தல் பொருந்தாது. ஆயத்தக் கல்வியின் வெற்றி, மாணவரின் உழைப்புடன் அவர் மனத்தை நாடும் காலமும் எவ்வளவு தனித்து விட்டுவைத்தன என்பதையும் பொறுத்தது என்பதே இவ்வொப்பீட்டால் பெறப்படுவது. 1923ஆம் ஆண்டுப் பெருநிலநடுக்கத்தில் தோவா பள்ளி எரிந்தழிந்தது. மீண்டும் எழுப்பப்பெற்றும், அதனை மட்சுமோட்டோ தனித்து நடத்தும் காலம் 1925இல் முடிந்தது.

பிற்கால நிலை

இவ்வனுபவத்தின் பயன் பிற்கால அமைப்புகளில் காணப்படுகிறது. 1954இல் ஜப்பானிய அரசு அயல்நாட்டு மாணவர்க்கான உதவித்தொகைத் திட்டத்தைத் தொடங்கியது. அதன்வழி இளநிலைப் பட்டம் பயில வருவோர் பல்கலைக்கழகத்தில் சேருமுன் ஓராண்டு மொழி ஆயத்தம் பெறும் முறை நிலைபெற்றது. 1984இல் ஜப்பானிய மொழித் திறன் தேர்வு நான்கு நிலைகளுடன் தொடங்கப்பட்டு, 2010இல் ஐந்து நிலைகளாகத் திருத்தப்பட்டது. பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான தனித்தேர்வு 2002இல் நடைமுறைக்கு வந்தது. 1983இல் வகுக்கப்பட்ட ஒரு இலட்சம் மாணவர் என்னும் இலக்கு 2003இலும், 2008இல் வகுக்கப்பட்ட மூன்று இலட்சம் என்னும் இலக்கு 2019இலும் எட்டப்பட்டன.

இந்திய மாணவர்க்கும் இவ்வரலாறு ஒரு செய்தியைத் தருகிறது. தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவுண்டு எனப் பேராசிரியர் சுசுமு ஓனோ முன்வைத்த கருத்தை வரலாற்று மொழியியலார் பெரும்பாலோர் ஏற்கவில்லை. எனினும் தொடரமைப்பில் இரு மொழிகளுக்கும் உள்ள ஒப்புமை எவரும் காணத்தக்கது. சீன மாணவர்க்கு எழுத்து அண்மையாகவும் தொடர் சேய்மையாகவும் இருந்தன. தமிழ் மாணவர்க்குத் தொடர் அண்மையாகவும் எழுத்து சேய்மையாகவும் உள்ளன. எந்தப் பக்கம் எளிதோ அந்தப் பக்கத்திலேயே ஏமாற்றமும் உறைகிறது என்பதைச் சீன மாணவரின் பட்டறிவு எச்சரிக்கிறது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன. எழுத்து ஒப்புமை மொழி கற்றலுக்குத் துணையாவது போலவே தடையாகவும் அமையும். உரைபெயர்ப்பை நம்பிய விரைவுக் கல்வி மாணவரைத் தாமே கற்கும் நிலைக்கு உயர்த்தவில்லை. எழுத்து வழக்கையும் பேச்சு வழக்கையும் இணைத்துக் கற்பித்த மட்சுமோட்டோவின் முறையும், மாணவரின் பிழைகளை வாரந்தோறும் திருத்திய ஃபுஜினோவின் உழைப்பும் நின்று பயன் தந்தன. மொழித் தேர்வில் தோற்றவர் அறிவில் தோற்றவர் ஆகார் என்பதற்குச் சூ என்லாயின் வாழ்வே சான்று. அயலார்க்குத் தமிழ் கற்பிக்கும் நம் துறைகள், கற்பவர் வருமுன் எத்தகைய ஆயத்தத்தை அவர்க்கு அளிக்கின்றன என்பதை இவ்வரலாற்றின் ஒளியில் எண்ணிப் பார்த்தல் தகும். வாயிலில் நிற்பவர்க்கு நாம் தரும் ஓராண்டே, உள்ளே அவர் செலவிடும் பல ஆண்டுகளின் பயனை முடிவு செய்கிறது.